தில்லியில் பரதம் ஆடும் பிள்ளையின் கால் பத்திரம்: வகுப்பு தேடுவது முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை

மாற்றலாகியோ வேலை கிடைத்தோ தில்லிக்கு வந்திருக்கிறீர்கள். பிள்ளை ஊரில் தொடங்கிய பரதத்தைத் தொடர வேண்டும், அல்லது இங்கேதான் முதல் தட்டடவு. ஆர்.கே.புரம், முனிர்கா, கரோல் பாக், மயூர் விஹார், துவாரகா என்று நம்மவர்கள் இருக்கும் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பரத வகுப்பு இருக்கும். டீச்சரைக் கண்டுபிடிக்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி கேட்டால் போதும். ஆனால் குதிகால் வலிக்கிறது என்று பிள்ளை நொண்டிக்கொண்டு வரும் அன்றைக்கு யாரைப் பார்ப்பது, எந்தக் காகிதத்தை எடுத்துப்போவது, டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்பதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் பெண்ணுக்கு அந்த வலி பத்து வயதில் வந்தது. ஒரு டாக்டர் வலி மாத்திரை எழுதினார். இன்னொருவர் "டான்ஸை நிறுத்திடுங்க" என்று ஒரே வரியில் முடித்தார். வேறொருவர் எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ எழுதினார். இவர்களில் ஒருவர்கூடக் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. கடைசியாகப் போன இடத்தில் குதிகாலின் இரு பக்கமும் விரல் வைத்து அழுத்தினார்கள். அவள் துள்ளிய துள்ளலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. சேர்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள்

பெற்றோர் கேட்பதெல்லாம் டீச்சர் எந்தப் பாணி, யாரிடம் கற்றவர், ஃபீஸ் எவ்வளவு என்பதுதான். அதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்புத் தரையில் நின்று பாருங்கள். பரதம் வெறுங்காலில் ஆடுவது. தட்டடவு, நாட்டடவு, குதித்து மெட்டு என்று அடவுகளில், அதாவது அடிப்படை அசைவுகளில், ஒரு வகுப்பில் பாதம் நூற்றுக்கணக்கான முறை தரையில் அறைகிறது. அந்த அடியைத் தரை வாங்காவிட்டால் எலும்பு வாங்கும்.

தில்லியில் பல வகுப்புகள் பேஸ்மென்ட்டிலும், கோயில் கூடத்திலும், சொசைட்டி கம்யூனிட்டி ஹாலிலும் நடக்கின்றன. காங்கிரீட் மேல் டைல், மார்பிள் அல்லது மொசைக் போட்டிருப்பார்கள். குதிப்பதற்கு இதைவிடக் கெட்ட தரை கிடையாது. கீழே சட்டம் அடித்து இடைவெளி விட்டுப் போட்ட மரத்தளம் இருந்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். அது அரிது. காங்கிரீட் மேல் அழுத்தமான ரப்பரோ வினைல் விரிப்போ போட்டிருந்தால் பரவாயில்லை.

வெறும் டைல்தான் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். குதிக்கும் அடவுகளை வகுப்பில் எவ்வளவு நேரம் தொடர்ந்து செய்ய வைக்கிறீர்கள்? சின்னப் பிள்ளைகள் பாதி தடவை தட்டாமல் பாவனையாகச் செய்தால் ஒத்துக்கொள்வீர்களா? இரண்டாவதற்குச் சரி என்று சொல்லும் டீச்சருக்குக் காலைப் பற்றி யோசனை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில்தான் பெரிய பொறி. இரண்டாவது மாடியில் பிள்ளை பயிற்சி செய்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுவார். உடனே நாம் மெத்தையை விரிப்போம், அல்லது குழந்தைகள் விளையாடும் தடிமனான நுரைப் பாயைப் போடுவோம். சத்தம் குறையும். ஆனால் பாதம் அமிழும், விரல் பாயின் இணைப்பில் மாட்டும், கணுக்கால் பிசகும். யோகா மேட் வழுக்கிக்கொண்டே போகும். எது போட்டாலும் பாதம் அமிழக்கூடாது, பாயும் நகரக்கூடாது.

நாங்கள் செய்தது: கீர்த்தி நகர் மரக்கடைகளில் 19 மி.மீ. பிளைவுட் பலகை எட்டுக்கு நாலு அடியில் இரண்டு வாங்கி, கீழே மெல்லிய ரப்பர் விரித்து, பலகைகளை இறுக்கமாகச் சேர்த்துப் போட்டோம். தரத்தைப் பொறுத்து ஒரு பலகை 2,000 முதல் 4,000 ரூபாய் வரை ஆகும், டெம்போ வாடகை தனி. வாடகை வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். அதில் ஆடவேண்டியது இரவு எட்டு மணிக்குள். அது கீழ்வீட்டுக்காரருக்காக.

2. அரைமண்டியை முன்பக்கமாக வீடியோ எடுங்கள்

அரைமண்டி என்பது முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும் நிலை. அதில் பாதம் பக்கவாட்டில் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்புக் குழியின் அமைப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மாதிரி. சிலருக்கு முழுக்கத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. அது சோம்பேறித்தனம் இல்லை. திரும்பாத பிள்ளை என்ன செய்யும்? டீச்சருக்குப் பயந்து பாதத்தை மட்டும் திருப்பி வைத்துவிட்டு உட்காரும். மிச்சத் திருகல் முழுவதும் முழங்காலில் விழும். உள்பாதமும் தட்டையாகச் சரியும்.

சோதிப்பது சுலபம். பிள்ளையை அரைமண்டியில் நிற்கச் சொல்லி நேர் எதிரே போனை வைத்து எடுங்கள். முழங்கால்சில் பாதத்தின் இரண்டாவது விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். பாதம் பக்கவாட்டிலும் முழங்கால் முன்னாலும் பார்த்தால், பாதத்தைக் கொஞ்சம் உள்ளே திருப்பி வைக்கவேண்டும். பக்கத்திலிருந்தும் ஒரு வீடியோ எடுங்கள். பின்பக்கம் தள்ளி இடுப்பு குழிந்திருந்தால், வர்ணம் என்ற நீண்ட உருப்படியை ஆடும் வயதில் கீழ்முதுகு வலிக்கும்.

பட்டாம்பூச்சி மாதிரி உட்காரவைத்து முழங்காலைக் கையால் அமுக்குவதும், முதுகில் ஏறி நிற்பதும் சில இடங்களில் இன்னும் நடக்கிறது. அதைப் பார்த்தால் மரியாதையாக ஒரு தடவை சொல்லுங்கள். தொடர்ந்தால் வேறு வகுப்பு பாருங்கள். தில்லியில் டீச்சர்களுக்குப் பஞ்சமில்லை.

3. வார மணிக்கணக்கை எழுதிவையுங்கள்

இளம் விளையாட்டு வீரர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் ஓர் அளவுகோல் உண்டு. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி போகக்கூடாது. பத்து வயது என்றால் பத்து மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. கணக்குப் போடும்போது பரத வகுப்பை மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள். பள்ளி பி.டி., நீச்சல், வீட்டுப் பயிற்சி, ஆண்டுவிழாவுக்கு ஆடும் சினிமாப் பாட்டு எல்லாம் ஒரே காலில்தான் நடக்கின்றன.

தில்லியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனம். நவராத்திரி கொலு நிகழ்ச்சி, பள்ளி ஆண்டுவிழா ஒத்திகை, மார்கழி நிகழ்ச்சி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். நாங்கள் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வலி தொடங்கியது இந்த மாதங்களில்தான்.

கூடவே சுவரில் ஒரு கோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் குறியுங்கள். அந்த மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் பிள்ளை விறுவிறுவென்று வளரும் கட்டத்தில் இருக்கிறது. எலும்பு முன்னே ஓட, தசை பின்னே இழுபடும் காலம் அது. குதிக்கும் அடவுகளையும் முழுமண்டியையும் (முழுக்கக் கீழே உட்காரும் நிலை) குறைக்கச் சொல்லுங்கள். நேற்று வரை நன்றாக ஆடிய பிள்ளை திடீரென்று தடுமாறுவதும் இப்போதுதான். திட்டவேண்டாம். சலங்கையும் அப்படியே. காலில் எடை கூடுகிறது, அதனால் முதலில் குறைந்த வரிசைகளோடு தொடங்கட்டும்.

4. தில்லியின் பருவம்

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இது புதிது. டிசம்பர், ஜனவரியில் காலை வெப்பநிலை ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும் நாட்கள் உண்டு. மார்பிள் தரை ஐஸ் மாதிரி இருக்கும். குளிரில் தசை விறைத்திருக்கும்போது நேராக அரைமண்டியில் உட்கார்ந்தால் இழுத்துக்கொள்ளும். ஊரில் ஐந்து நிமிடம் போதுமென்றால் இங்கே பதினைந்து நிமிடம் உடலைச் சூடாக்க வேண்டும். வேகநடை, கை கால் சுழற்றல், மெதுவான துள்ளல், பிறகு முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், அடவு. ஒரே நிலையில் நீட்டிப் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெட்ச் எல்லாம் வகுப்பு முடிந்த பிறகு. கால் விரல் வரை மூடும் சாக்ஸோடு டைலில் ஆடவிடாதீர்கள், வழுக்கிவிடும். பாதம் திறந்து கெண்டைக்காலை மட்டும் மூடும் கம்பளி உறை நல்லது. சரோஜினி நகர் போன்ற சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும். குளிரில் குதிகால் வெடிக்கும். இரவு வாசலின் தடவிச் சாக்ஸ் போடலாம், ஆனால் வகுப்புக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

தீபாவளிக்கு முன்னும் பின்னும் காற்று. காற்றுத் தரக் குறியீடு 301 முதல் 400 வரை "மிக மோசம்", 401-க்கு மேல் "கடுமை". மிக மோசம் என்றால் மொட்டைமாடியிலோ பூங்காவிலோ பயிற்சி வேண்டாம். கடுமை என்றால் மூடிய அறையிலும் குதிப்பதை விட்டுவிட்டு முத்திரை, அபிநயம், தாளம் என்று மாற்றச் சொல்லுங்கள். வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும், டீச்சருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மே, ஜூனில் தண்ணீர். தாகம் எடுத்தபிறகு என்றில்லாமல் வகுப்புக்கு நடுவே இரண்டு தடவை.

5. எங்கே வலிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

"கால் வலிக்குது" என்பது டாக்டருக்குப் போதாது. ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

குதிகாலின் பின்பக்கம், எட்டு முதல் பதினான்கு வயதுக்குள்: இருபுறமும் அழுத்தினால் வலித்தால் பெரும்பாலும் செவர்ஸ் எனப்படுவது. குதிகால் எலும்பு வளரும் குருத்துப் பகுதி அடிபட்டும் இழுபட்டும் புண்பட்டிருக்கிறது. குதிப்பதைக் குறைப்பது, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, ஆடாத நேரத்தில் மெத்தென்ற செருப்பு, பள்ளி ஷூவுக்குள் குதிகால் குஷன், இவைதான் வைத்தியம். வெறுங்காலில் குஷன் வைத்து ஆட முடியாது என்பதால், வீட்டில் மொசைக் தரையில் நடக்கும்போதாவது செருப்புப் போடவேண்டும். "வீட்டுக்குள்ள செருப்பா" என்று பாட்டி முறைப்பார். தனியாக ஒரு ஜோடி வாங்கிவிட்டால் சமாதானமாகிவிடுவார். எலும்பு வளர்ந்து முடியும்போது இது தானே போய்விடும்.

முழங்கால்சில்லுக்குக் கீழே உள்ள மேடு வீங்கி வலித்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர். இதுவும் வளரும் வயதுச் சங்கதிதான். சில்லைச் சுற்றி மந்தமாக வலித்து, மாடிப்படி இறங்கும்போது கூடினால், முழுமண்டியையும் பாதம் திரும்பும் கோணத்தையும் கவனியுங்கள்.

முன்கால் எலும்பு ஓரத்தில் நீளவாக்கில் வலி என்றால் தரையும் மணிக்கணக்கும்தான் முதல் சந்தேகம். அதே எலும்பில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும், தொட்டாலே வலி என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அன்றே ஆட்டத்தை நிறுத்துங்கள். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்பதை வைத்துப் பிள்ளையை மேடையேற்றுவது மிகச் சகஜமான பொறி.

கீழ்முதுகு, பின்னால் வளையும்போது வலித்து இரண்டு வாரத்தைத் தாண்டினால் பிசியோவுக்கு முன் எலும்பு டாக்டர்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சலோடு மூட்டு வீக்கம், மரத்துப்போதல், நான்கு அடி எடுத்துவைக்க முடியாமை, இவற்றில் ஏதாவது இருந்தால் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரைக்கும் காத்திருக்காதீர்கள். நேராக எமர்ஜென்சி.

6. கணுக்கால் பிசகிய முதல் இரண்டு நாள்

ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம், சில மணிக்கு ஒருமுறை. கிரேப் பேண்டேஜ், விரல்கள் நீலமாகாத இறுக்கத்தில். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். தைலம் தேய்த்து உருவிவிடுவதும் வெந்நீர் ஒத்தடமும் இந்த இரண்டு நாளில் கூடாது, வீக்கம் கூடும். வலிக்குப் பாரசிட்டமால் பிள்ளையின் எடைக்கேற்ற அளவில். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டாம். வலி மாத்திரை கொடுத்து ஆடவைப்பது எந்த வயதிலும் வேண்டாம்.

பழைய தில்லிப் பக்கம் எலும்பு கட்டும் பயில்வான்கள் உண்டு, அக்கம்பக்கத்தார் அன்போடு கூட்டிப்போவார்கள். ஊரில் புத்தூர்க் கட்டுக்குப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவும் தோன்றும். வளரும் எலும்பில் குருத்துப் பகுதி உடைந்திருந்தால் இழுத்துக் கட்டுவது கால் வளர்ச்சியையே கோணலாக்கிவிடலாம். எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் திருகக்கூடாது.

7. எங்கே போவது, என்ன காகிதம், எவ்வளவு ஆகும்

முதலில் காகிதம், வலி வருவதற்கு முன்பே. பிள்ளையின் ஆதார், ஆபா எனப்படும் 14 இலக்கச் சுகாதார எண், உங்கள் அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, பழைய எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு ஃபைலில். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் எது என்று இன்றே பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பலருக்கு அது தாத்தாவின் எண்ணாகவோ, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம்மாகவோ இருக்கும். கவுன்ட்டரில் நிற்கும்போது ஓடிபி தஞ்சாவூருக்குப் போகும். ஆதார் மையத்தில் எண்ணை மாற்றினாலும் அது பதிவாகச் சில நாள் பிடிக்கும்.

அரசு வழி. சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஸ்போர்ட்ஸ் இஞ்சுரி சென்டர் இருக்கிறது, 2010 காமன்வெல்த் போட்டிக்காகத் தொடங்கியது. நடனப் பிள்ளைக்கு என்னைக் கேட்டால் முதல் இடம் இதுதான். விளையாட்டு வீரர் என்ற சான்றிதழ் ஏதும் வேண்டாம். மஞ்சள் தட மெட்ரோவில் எய்ம்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் எதிர்ப்புறம். முன்பதிவுக்கு ஓஆர்எஸ் என்ற அரசு ஆஸ்பத்திரிப் பதிவு இணையதளம் உண்டு. நேரில் போவதென்றால் விடிந்ததும் கிளம்புங்கள், சீட்டு காலையில் மட்டும்தான். சீட்டு போடும்போதே வயதைச் சொல்லி எந்தப் பிரிவு, எந்த அறை என்று கேட்டுவிடுங்கள். தவறான வரிசையில் நின்று பதினொரு மணிக்குத் தெரியவந்தால் அந்த நாள் போச்சு. எய்ம்ஸில் புது ஓபிடி சீட்டுக்கு வாங்கிவந்த 10 ரூபாய்க் கட்டணமும் 2022 நவம்பர் முதல் கிடையாது. ஆனால் கூட்டம் பயங்கரம், எம்ஆர்ஐ தேதி வெகுதூரம் தள்ளிக் கிடைக்கும். அவசரமில்லாத வலிக்கு அரசு, மயிரிழை விரிசல் சந்தேகத்துக்கு ஸ்கேன் மட்டும் தனியாரில் எடுத்துக்கொண்டு மறுபடி அரசு டாக்டர் என்று கலந்து செய்யலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மத்திய அரசு ஊழியர் என்றால் சிஜிஎச்எஸ், அதாவது அவர்களுக்கான மருத்துவத் திட்டம். அதன் வெல்னஸ் சென்டர் என்ற மருத்துவ நிலையத்துக்குப் பிள்ளையின் அட்டையோடு போங்கள், உங்கள் அட்டை போதாது. அங்கே ரெஃபரல் எழுதி வாங்காமல் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், எமர்ஜென்சி தவிர, பணம் திரும்ப வருவது கஷ்டம். பணியில் இருப்பவர்கள் ஓபிடிக்குக் கையிலிருந்து கட்டிவிட்டு அலுவலகத்தில் பில் போடவேண்டி வரும். ரெஃபரல் எத்தனை நாள் செல்லும், பிசியோவுக்குத் தனியாக எழுத வேண்டுமா, இந்த இரண்டையும் அந்த மேஜையிலேயே கேளுங்கள். மூல பில், டாக்டர் சீட்டின் நகல், ரெஃபரல் மூன்றும் ஒன்றாகப் பின் அடித்து அந்த வாரமே கொடுத்துவிடுவது நல்லது.

தனியார் வழி. எலும்பு டாக்டர் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 800 முதல் 1,500 ரூபாய், பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்கும் மேல். எக்ஸ்ரே சில நூறு. பிசியோ ஒரு தடவைக்கு 500 முதல் 1,000. எம்ஆர்ஐ 5,000-க்கு மேல். மெடிக்ளைம் பாலிசி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் தரும், ஓபிடிக்கும் பிசியோவுக்கும் தராது. பிசியோ சென்டரில் "இருபது தடவை பேக்கேஜ்" என்று முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள். ஐந்து தடவைக்குக் கட்டி, வீட்டுப் பயிற்சி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் குணமாவது வீட்டில் தினமும் செய்வதில்தான். மெஷினை வைத்துவிட்டுப் பயிற்சி ஒன்றும் சொல்லித்தராத இடமென்றால் அடுத்த வாரம் போகாதீர்கள்.

டாக்டர் அறையில் உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அரைமண்டி வீடியோவும் ஒரு நாட்டடவு வீடியோவும் போனில் தயாராக இருக்கட்டும். வட இந்திய டாக்டர் பரதம் என்றால் கை முத்திரை என்று நினைத்திருப்பார், காலை அறைவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார். எப்போதிருந்து வலி, எந்த அடவில் கூடுகிறது, வாரம் எத்தனை மணி, தரை என்ன, இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தி வராதவர்களுக்கு: குதிகால் ஏடி, கணுக்கால் டக்னா, முழங்கால் குட்னா, கெண்டைக்கால் பிண்ட்லி, கீழ்முதுகு கமர். "டான்ஸை நிறுத்துங்க" என்று சொன்னால், "எத்தனை வாரம், எந்தெந்த அசைவு கூடாது, எது செய்யலாம்" என்று திருப்பிக் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லும் டாக்டரே உங்கள் டாக்டர்.

8. ஓய்வுக் கடிதமும் டீச்சரும் பள்ளியும்

சீட்டில் "ரெஸ்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. "குதித்தல், முழுமண்டி மூன்று வாரம் வேண்டாம், உட்கார்ந்து கற்கலாம்" என்கிற மாதிரி எழுதி வாங்குங்கள். அதை டீச்சரிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒதுங்காமல் நேரில் போங்கள். "டீச்சர், டாக்டர் மூணு வாரம் குதிக்க வேண்டாம்னு எழுதியிருக்கார். அவ வகுப்புக்கு வரட்டும், உட்கார்ந்துக்கிட்டு அபிநயமும் தாளமும் பண்ணட்டுமா?" என்று கேட்டால் மறுக்கும் டீச்சர் குறைவு. விநியோகம் (எந்த முத்திரை எதற்கு என்று சொல்லும் சுலோகம்) மனப்பாடம், சொற்கட்டு சொல்லித் தாளம் போடுவது, வர்ணத்துச் சாகித்தியத்துக்கு அபிநயம் என்று மற்ற நாட்களில் நேரம் கிடைக்காத எல்லாம் இந்த மூன்று வாரத்தில் ஏறும். வீட்டிலேயே உட்காரவைத்தால் பிள்ளை வாடிப்போகும். திரும்பி வரும்போது மற்றவர்களை எட்டிப்பிடிக்கும் அவசரத்தில் மறுபடி அடிபடும்.

திரும்புவது படிப்படியாக. வலியில்லாமல் நடை, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, நின்ற நிலையில் மெதுவாகத் தட்டடவு, அரைமண்டியில் முதற்காலம், இரண்டாம் காலம், பிறகுதான் குதிக்கும் அடவு, எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சலங்கை. ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நாள். மறுநாள் காலையில் வலி திரும்பியிருந்தால் ஒரு படி கீழே.

பள்ளிக்கு அதே நாளில் மருத்துவச் சான்றிதழோடு விடுப்புக் கடிதம் கொடுங்கள். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை தேவை. பத்தாம் வகுப்பில் கடைசி நேரத்தில் பழைய தேதிக்குச் சான்றிதழ் தேடி அலைவது வேண்டாத வேலை. பி.டி. ஆசிரியருக்கும் ஒரு நகல். பரதத்தை நிறுத்திவிட்டு பி.டி. வகுப்பில் ஓடவிட்ட கதைகள் நிறைய.

9. சாப்பாடும் மனசும்

ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கில் பத்து முதல் பன்னிரண்டு வயதுக்கு நாளொன்றுக்கு 850 மி.கி., பதின்மூன்று முதல் பதினைந்துக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும். பால், தயிர், கேழ்வரகு, எள். கேழ்வரகு இங்கே "ராகி ஆட்டா" என்று கிடைக்கிறது, ஐஎன்ஏ மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் எல்லாமே உண்டு. மாலை ஐந்து மணி வகுப்புக்குப் பள்ளியிலிருந்து நேராகப் போகும் பிள்ளை வெறும் வயிற்றோடு ஆடக்கூடாது. வாழைப்பழமோ இட்லியோ ஒரு மணி நேரம் முன்னால்.

விட்டமின் டி குறைவு தில்லியில் எல்லோரும் பேசும் விஷயம். 60,000 யூனிட் பொடியைக் கடையில் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். இரத்தப் பரிசோதனை பார்க்காமல், எத்தனை வாரம் என்று டாக்டர் எழுதாமல் கொடுக்காதீர்கள், அளவு மிஞ்சினால் அதுவே விஷம்.

பெண் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றாலோ, "ஆடுற பொண்ணு, அப்படித்தான்" என்று விடாதீர்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பு மெலிவது அதன் அடுத்த படி. டாக்டரிடம் காட்டுங்கள். இதற்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு சொல் இருக்கும். காஸ்ட்யூம் அளவெடுக்கும்போது "வெயிட் போட்டுட்டியே" என்பது, குரூப் நடனத்தில் ஒல்லியாக இருப்பவளை முன்வரிசையில் நிறுத்துவது. அப்படிப் பேச வேண்டாம் என்று டீச்சரிடமும் தையல்காரரிடமும் உறவுக்காரர்களிடமும் தெளிவாகச் சொல்லலாம், குற்றமில்லை. பிள்ளை சாப்பாட்டை ஒளித்தால், வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி வந்தால், தூக்கம் கெட்டால், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம். தமிழிலும் பேசலாம்.

10. அரங்கேற்றத் தேதி குறிக்கும் முன்

ஹாலுக்கு முன்பணம், சென்னையிலிருந்து வரும் பக்கவாத்தியக்காரர்களுக்கு டிக்கெட், பட்டுப் புடவையில் தைத்த காஸ்ட்யூம் என்று லட்சக்கணக்கில் போட்டபிறகு பிள்ளை நொண்டினால் யாருக்கும் நிறுத்த மனசு வராது. ஊசி போட்டு ஆடவைத்த வீடுகள் உண்டு. அதனால் பணம் கட்டுமுன்: ஹால் தேதியை மாற்றினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எழுத்தில். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டில் வேண்டாம். சுவரில் உயரக் கோடு வேகமாக ஏறும் வருடத்தில் வேண்டாம். டிசம்பர் கடைசி, ஜனவரி வேண்டாம், பனிமூட்டத்தில் விமானமும் தாமதமாகும். வர்ணம் மட்டுமே அரைமணி முதல் முக்கால் மணி வரை போகும். தேதிக்கு நான்கு மாதம் முன்பிருந்து வாரம் கொஞ்சமாகத்தான் நேரத்தைக் கூட்ட வேண்டும், கடைசி மாதத்தில் ஒரேயடியாக அல்ல.

கமானி போன்ற அரங்கிலோ தில்லித் தமிழ்ச் சங்கத்தின் திருவள்ளுவர் கலையரங்கிலோ எங்கே போட்டாலும் முந்தின நாள் மேடையில் ஒத்திகைக்கு நேரம் கேளுங்கள். வாடகையில் அது சேருமா, மணிக்குத் தனியாகவா என்பதையும் அப்போதே. வெறுங்காலோடு மேடையின் நான்கு மூலைக்கும் நடந்து, விரிப்பின் இணைப்பு தூக்கிக்கொண்டிருக்கிறதா, ஆணி நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். முந்தைய நிகழ்ச்சியின் பூவும் எண்ணெயும் சிந்திய இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடச் சொல்லுங்கள். குத்துவிளக்கை மேடையின் ஓரத்துக்கு, பிள்ளை சுற்றிவரும் வழிக்கு வெளியே நகர்த்தச் சொல்லிவிடுங்கள்.